நாலாவது டிராக்கில் மணி அடிக்கிறதாம்

ஆரப்பாளையத்துக்கும் உசிலம்பட்டிக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒருநாள் வேலை, ஒருநாள் லீவு. லீவு நாளில் நான் கேட்பது யாரும் பாடாத இசை. ஆம்பியன்ட் என்கிறார்கள், எக்ஸ்பெரிமென்டல் என்கிறார்கள், மாடர்ன் கிளாசிக்கல் என்கிறார்கள். பெயர் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். அதில் எவனும் காதல் தோல்வியில் கத்தக் கூடாது, நெஞ்சுக்குள் தடதடவென்று இடிக்கக் கூடாது. எனக்கு அது போதும்.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கண்டக்டருக்கு எதுக்குய்யா இந்த வேலை என்கிறார்கள். சிரிக்கிற ஆளைக் கூட்டிவந்து எங்கள் பஸ்ஸின் பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாள் நிற்க வைக்க வேண்டும். படிக்கட்டுக்கு மேலே கூரையோடு ஒட்டி ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் இருக்கிறது. முன்னால் பார்த்து நான் நின்றால் என் இடது காதுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. காலை ஐந்தரை மணி டிரிப்பில் ஆரம்பித்தால் கடைசி டிரிப் வரைக்கும் அது அலறும். எங்கள் ரூட்டில் பாட்டு இல்லாத பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் ஏற மாட்டார்கள். பாட்டு சத்தமாக இருக்கிற பஸ்தான் அவர்களுக்கு நல்ல பஸ். ஒன்பது வருசம் அந்தப் பாக்ஸுக்குக் கீழேதான் நின்றேன்.

நாலைந்து வருசத்துக்கு முன்னால் ஒரு லீவு நாள் காலையில், மண்டைக்குள் இன்னும் பஸ் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், போனில் மழைச் சத்தம் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மழை முடிந்ததும் போனே தானாக வேறொன்றை எடுத்துப் போட்டது. பியானோ. யாரோ பக்கத்து வீட்டில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, அது எழுந்துவிடாமல் வாசிப்பதுபோல் இருந்தது. விரல் எடுத்ததும் கட்டை மேலே எழும்புகிற மரச் சத்தம்கூடக் கேட்டது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முடியும்வரை அசையவில்லை. என் மனைவி காபியோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தா?" என்றாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். உலகம் முழுக்க இந்த மாதிரி ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வெளிவரும் என்று பிறகு தெரிந்தது. நம் ஊரில் சினிமா வெள்ளிக்கிழமை வருவதுபோல. எனக்கு அந்த வெள்ளிக்கிழமைப் பைத்தியம் பிடித்தது. தேடிப்போய் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் மியூசிக் சொல்லித்தரும் அம்மா ஒருவர் ஆரம்பித்த குழு. எல்லாரும் அவரை டீச்சர் என்போம். என்னைக் கண்டக்டர் அண்ணே என்பார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

குழுவில் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை புதிதாக வந்ததில் ஒரு ஆல்பத்தை அவர் எடுத்துக் கொடுப்பார். எல்லாரும் அதே ஆல்பத்தைக் கேட்க வேண்டும். அதற்கு நடுவில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் பத்து வரி எழுதிப் போட வேண்டும். அடுத்தவன் எழுதியதைப் பார்த்து எழுதுகிற வேலையே கூடாது என்பதற்காக. ஞாயிறு எனக்கு வேலை நாளாக விழுந்தால் முதல் நாளே எழுதிவைத்து, பத்து மணிக்குப் பஸ்ஸில் இருந்தபடியே அனுப்பிவிடுவேன்.

என் பத்து வரிக்கு ஒரு மவுசு இருந்தது. நான் பூசி மெழுக மாட்டேன். ஒருத்தன் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் மைக்கை வைத்து நாற்பது நிமிசம் பதிவு செய்து ஆல்பம் என்று விட்டிருந்தான். 'எங்கள் ஆனையூரில் முக்குக்கு முக்கு இது ஓசியில் கேட்கும்' என்று எழுதினேன். இன்னொருத்தன் செல்லோவை வைத்துக்கொண்டு வில்லால் ஒரே கம்பியை இழுத்துக்கொண்டே இருந்தான். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. 'எதுக்குன்னு தெரியல, அழுதேன், நல்லா இருக்கு' என்று எழுதினேன். உறைந்த ஏரியில் பனி விரிசல் விடுகிற சத்தத்தை வைத்து ஒரு பெண் செய்திருந்ததை மூன்று லீவு நாள் தொடர்ந்து கேட்டேன். வெயிலில் செக்கானூரணியில் பஸ் நிற்கும்போதெல்லாம் அது ஞாபகத்தில் ஓடும். அப்படி ஒரு சந்தோசம் அது.

அந்தச் சந்தோசத்தைக் கெடுத்ததும் ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம்தான்.

காலால் மிதிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்றை ஒரு பெண் வாசித்திருந்தாள். ஆறு டிராக். மெதுவாக மூச்சு விடுவதுபோல் காற்று உள்ளே போய் வெளியே வரும். அவ்வளவு சன்னமான ஆல்பத்தை நான் அதுவரை கேட்டதில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, புதிதாக வாங்கின இயர்போனைச் செருகி, கண்ணை மூடிக் கேட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு இப்படி எழுதினேன்: 'இந்த ஆல்பத்துக்கு உயிர் ஆர்மோனியம் இல்லை. அதற்குப் பின்னால் முதலில் இருந்து கடைசிவரை நிற்காமல் ஓடுகிற ஒரு கம்பி மாதிரியான சத்தம்தான். தலைமுடி கனம்கூட இருக்காது. ஒரு இடத்திலும் அறுபடவில்லை. இதை வைத்தவள் சாதாரண ஆள் இல்லை. நாலாவது டிராக் மட்டும் வேஸ்ட். பாதி டிராக் காலியாகக் கிடக்கிறது. நம்மை ஏமாற்றிவிட்டாள்.'

ஞாயிறு பத்து மணிக்கு எல்லாருடையதும் வந்து விழுந்தது. படித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கம்பிச் சத்தத்தைப்பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதைவிட, பாதிப் பேருக்கு மேல் நாலாவது டிராக்கைத்தான் கொண்டாடியிருந்தார்கள். அந்த மணிகள், அந்த மணிகள் என்று உருகியிருந்தார்கள்.

என்ன மணி?

"அண்ணே, ஏதோ கம்பிச் சத்தம்னு எழுதியிருக்கீகளே, அது உங்க பஸ்ஸு பிரேக்கா இருக்கும்ணே" என்று ஒருவன் போட்டான். வில்லாபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன்.

"பிரேக் சத்தத்துக்கும் மியூசிக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும் மாப்ள. உன் ஹெட்போன் ஓட்டையா இருக்கும், மாத்து" என்று நான் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒரு படம் அனுப்பினான். ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, சத்தத்தைக் கோடு கோடாகக் காட்டுகிற படம். "அண்ணே, கேலி இல்ல. நீங்க சொல்ற மாதிரி விடாம ஓடுற சத்தம் இதுல எங்கயுமே இல்ல. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இவனுகள் படம் போட்டு இசை கேட்கிற கூட்டம் என்று திட்டி எழுத ஆரம்பித்தேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று மாடிக்குப் போய் மறுபடி போட்டேன். கம்பி ஓடியது. தெளிவாக ஓடியது. இதோ இருக்கிறதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கினேன்.

கம்பி நிற்கவில்லை.

ஆர்மோனியம் நின்றுவிட்டது. தெருவில் ஒரு ஆட்டோ போனது. தொட்டியில் தண்ணீர் சொட்டியது. அதற்கெல்லாம் மேலே, இடது பக்கத்தில், அந்தக் கம்பி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. காதைப் பொத்தினேன். இன்னும் பக்கத்தில் வந்தது.

அதைவிடப் பயந்த நேரம் என் வாழ்க்கையில் இல்லை. ஒருமுறை நாகமலைப் பக்கம் மழையில் பஸ் வழுக்கிப் பாலத்துக்கட்டையில் இடித்து நின்றபோதும் நான் இப்படிப் பயப்படவில்லை. அது வெளியே இருந்து வந்தது. இது எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. எத்தனை வருசமாக என்று தெரியாது. பஸ் சத்தத்தில், பாட்டுச் சத்தத்தில், டிவி சத்தத்தில் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு அமைதியான ஒரு ஆல்பம் வேண்டியிருந்தது. நான் அதைக் கலை என்று பாராட்டிப் பத்து வரி எழுதியிருக்கிறேன்.

அன்று மதியம் டீச்சர் போன் செய்தார். "தம்பி, சண்டைக்குக் கூப்பிடல. நாலாவது டிராக்ல நிஜமாவே உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?"

"காலியாத்தான் கிடக்கு டீச்சர்."

"சின்னச் சின்ன மணி தம்பி. டிராக் பூரா. வெள்ளிக்கிழமையே எங்க ஸ்கூல் அஞ்சாம் கிளாஸ் பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டினேன். எண்ணிச் சொல்லுதுங்க. காது டாக்டர் யாரையாவது பாருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று போனை வைத்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

அடுத்த லீவு நாள், என் மனைவி அவரைக்காய் ஆய்ந்துகொண்டு இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இயர்போனை அவள் காதில் வைத்தேன், இன்னொன்றை என் இடது காதில் வைத்தேன். நாலாவது டிராக்கைப் போட்டேன். "மணிச் சத்தம் கேட்டா விரலத் தூக்கு" என்றேன்.

"மணி கேட்டா விரலத் தூக்கணுமா? நான் என்ன ஒண்ணாப்புல படிக்கிறேனா?"

"தூக்கு சொல்றேன்."

அவள் கத்தியைப் பிடித்தபடியே ஒரு விரலைத் தூக்கினாள். எனக்கு ஒன்றும் இல்லை. மறுபடி தூக்கினாள். ஒன்றும் இல்லை. அப்புறம் வேகமாக ரெண்டு தடவை. நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த விரல் ஏறி ஏறி இறங்கியது. எனக்குக் கேட்டது கம்பி மட்டும்தான்.

"தூரத்துல மாடு மேயிற மாதிரி இருக்கு" என்றாள். அவள் உசிலம்பட்டிப் பக்கம், வீட்டில் மாடு கன்று உண்டு. "இதையா காலையில இருந்து உக்காந்து கேக்குறீக, மாட்டத் தொலச்சவுக மாதிரி?" சிரித்துக்கொண்டே திரும்பியவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "என்ன?" என்றாள். "என்னங்க?"

சொன்னேன். அவள் அழவில்லை. "டாக்டர்ட்ட போவோம்" என்றாள். நான் முடியாது என்றேன். ஒரு டாக்டர் பேப்பரில் எழுதினால் அது எழுதினதுதான். காது கேட்காத கண்டக்டரை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? வேறு எந்தப் பஸ்ஸில் சேர்த்துக்கொள்வார்கள்? எனக்கு வேறு என்ன தெரியும்? அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "வேலை போனா கஞ்சி குடிப்போம். படிக்கட்டுல ஏறுற ஆளு கூப்புட்டு உங்களுக்குக் கேக்கலன்னா?"

அதுதான் விசயம். அவள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். முன்னால் பார்த்து நிற்கும்போது படிக்கட்டுப் பக்கம் இருப்பது என் இடது காது. ஏறுகிறவர், இறங்குகிறவர், ஓடிவருகிறவர் எல்லாரும் அந்தக் காதில்தான் கூப்பிடுவார்கள். ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்கும், ரெண்டு விசில் கொடுத்தால் போகும். நான் ரெண்டு விசில் கொடுத்தால் டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டார், கிளட்சை விடுவார். சக்கரத்துக்கும் மனுசனுக்கும் நடுவில் இருப்பது என் காது. தெரிந்தும் வேலைக்குப் போனேன். எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் திருட்டு வேலை. படிக்கட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். டிக்கெட் கேட்கிறவர்களின் வாயைப் பார்த்தேன். கருமாத்தூரா, செக்கானூரணியா என்று வாய் அசைவில் பிடித்தேன். பிடிபடாதபோது, "சத்தமாச் சொல்லுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று எரிந்து விழுந்தேன். கோபக்காரக் கண்டக்டர் என்று பெயர் வாங்கிக்கொண்டேன். செவிட்டுக் கண்டக்டர் என்ற பெயருக்கு அது பரவாயில்லை. டிரைவரிடம் பாட்டைக் குறைக்கச் சொன்னேன். எங்கள் டிரைவர் என்னைவிடப் பெரியவர், இருபது வருசத்துக்கு மேல் இந்த ரோட்டில் ஓட்டுகிறவர், நான் அண்ணே என்பேன். "என்ன மாப்ள, வயசாயிருச்சா?" என்று சிரித்துவிட்டு இன்னும் ஒரு திருகு ஏற்றிவைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தால் போனைத் தள்ளிவைக்க ஆரம்பித்தேன். டீச்சர் ஆல்பத்தை அனுப்புவார். திறக்கப் பயம். திறந்தால், இசை நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் சந்தேகம். இந்த இடைவெளியை அவன் வைத்தானா, இல்லை இதில் எனக்குக் கேட்காதது ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா? பத்து வரி எழுதுவதை நிறுத்திவிட்டேன். வேலை அதிகம் என்று சொன்னேன். குழுவில் எல்லாரும் நம்பினார்கள், டீச்சரைத் தவிர.

அப்புறம் செக்கானூரணியில் ஒரு பெண்.

காலை எட்டு மணி டிரிப். கூட்டம். அவர் இறங்கினார், பார்த்தேன். அவருக்குப் பின்னால் ரெண்டு பேர் இறங்கினார்கள், அதையும் பார்த்தேன். படி காலி. நான் முன்பக்கம் திரும்பி ஒருவருக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே ரெண்டு விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பியது. அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பு கடைசிப் படியின் தகரத்தில் மாட்டியிருக்கிறது. அவர் 'நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க' என்று கத்தியிருக்கிறார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அவருக்கு மூன்றடி தள்ளி நின்ற எனக்குக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கத்து ஆள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் வாய் அசைவதைப் பார்த்த பிறகுதான் ஒரு விசில் கொடுத்தேன். அதற்குள் பத்தடி இழுத்துவிட்டது.

இறங்கி ஓடினேன். பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி அவர் உட்கார்ந்திருந்தார். முழங்கையும் முழங்காலும் தோல் உரிந்து ரத்தம். சேலை கிழிந்திருந்தது. தூக்கப்போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"காது செவிடாடா ஒனக்கு? தொண்ட கிழியக் கத்துறேன்!"

நம் ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். பஸ்ஸில் ஒரு நாளைக்கு நாலு பேராவது என்னைக் கேட்பார்கள். நானும் கேட்பேன். அன்று நான் ரெண்டடி பின்னால் தள்ளி நின்றேன். சுற்றி நின்றவர்கள், "போனப் பாத்துக்கிட்டு விசிலடிச்சிருப்பான்" என்றார்கள். டிரைவர் இறங்கி வந்து, "பாட்டுச் சத்தத்துல கேக்கலம்மா, மன்னிச்சுக்கங்க" என்று எனக்காகக் கும்பிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்றோம். அவர் வரவில்லை. "ஒங்க பஸ்ஸே வேணாம்" என்று நொண்டிக்கொண்டு நடந்தார். போன் பார்த்தேன் என்றே எல்லாரும் நினைக்கட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டு ஏறினேன். அந்த நேரத்தில்கூட என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.

அடுத்த நாள் மனைவி கூப்பிடாமலே நானே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காது டாக்டர் ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டு, டெஸ்ட் எடுக்கப் பக்கத்து ரூமுக்கு அனுப்பினார். அங்கே கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே பஞ்சு ஒட்டிய சுவர். ஒரு நாற்காலி. கதவைச் சாத்தினால் உலகமே செத்துவிடும். ஒரு சின்ன வயசுப் பெண்தான் டெஸ்ட் எடுப்பவர். ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். "சத்தம் கேட்டா அமுக்குங்க. எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலன்னா சும்மா இருங்க, தப்பில்ல."

வலது காது, கடைசியில் வந்த கீச்சுச் சத்தங்களைத் தவிர, பரவாயில்லாமல் போனது. இடது காதுக்கு வந்ததும் முதல் ரெண்டு மூன்று சத்தம் கேட்டது. அப்புறம் கம்பி மட்டும்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ திருகிக்கொண்டே இருந்தார். அவர் கை அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருசம் எவ்வளவோ ஆல்பம் கேட்டவன் நான். எங்கே சத்தம் வரும், எவ்வளவு நேரம் விட்டு அடுத்தது வரும் என்று ஒரு கணக்குத் தெரியும். அந்தக் கணக்கை வைத்து அமுக்கினேன். அவர் தோள் அசைந்தால் அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் எழுந்து வந்து கதவைத் திறந்தார். திட்டவில்லை. "சார், கடைசி ஒரு நிமிசம் நான் சத்தமே வைக்கல. ஆறு தடவ அமுக்கியிருக்கீங்க."

பொத்தானை மடியில் வைத்துவிட்டேன்.

"பயப்படாம உக்காருங்க. மறுபடி எடுப்போம். கேக்காட்டி கேக்கலதான் சார்."

ரெண்டாவது தடவை நான் அமுக்கவில்லை. அமுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, மெல்லிய கீச்சுச் சத்தங்கள் இடது காதில் போய்விட்டன, பெண்கள் குரலும் பாதிக்கு மேல் போய்விட்டது, திரும்பி வராது என்றார். வலது காதிலும் கீச்சுச் சத்தங்கள் போக ஆரம்பித்துவிட்டன, அந்த ஸ்பீக்கருக்குக் கீழே நின்றால் ரெண்டு வருசம் தாங்காது என்றார். காதில் மாட்டுகிற மிசின் பற்றிச் சொன்னார். நான் கேட்ட ஒரே கேள்வி, பஸ்ஸில் வேலை பார்க்கலாமா என்பது. "நீங்கதான் சொல்லணும்" என்றார். அந்தப் பதில் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

மறுநாள் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற நேரத்தில் டிரைவர் அண்ணனிடம் பேப்பரை நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். முதலாளிக்குப் போன் போடுவார் என்று நினைத்தேன். ரெண்டுக்கும் தயாராக, அவர் வலது பக்கம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்தார். பதிலே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. "அண்ணே, நான் சொல்றது கேக்குதா?" என்று அவர் தோளைத் தொட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "என்ன மாப்ள? இந்தப் பக்கம் வந்து சொல்லு."

நான் இடது பக்கம் போனேன். மறுபடி முதலில் இருந்து சொன்னேன். இந்தத் தடவை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்த ரூம்புக்குள்ள போனா எம்புட்டு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்ணே."

"மொதலாளிக்குச் சொல்லிருவாகளா?"

"நாமளாச் சொன்னாத்தான்."

டீக்கடைக்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார். "வலது பக்கம் லாரிக்காரன் ஹாரன் அடிச்சா எனக்குத் தெரிய மாட்டேங்குது மாப்ள. கண்ணாடியில பாத்துத்தான் ஒதுங்குறேன். ரெண்டு வருசம் இருக்கும்."

நான் பஸ்ஸைப் பார்த்தேன். ஏறிக்கொண்டே இருந்தார்கள். காய்கறி மூட்டை, பள்ளிக்கூடப் பைகள், கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம். முன்னால் உட்கார்கிறவருக்கு வலது பக்கம் கேட்காது. பின்னால் நிற்கிறவனுக்கு இடது பக்கம் கேட்காது. இது தெரிந்த ரெண்டே பேர் டீ குடித்துக்கொண்டு நின்றோம். பஸ் இன்று போகாது என்று சொல்லியிருக்க வேண்டும். ரெண்டு பேரும் சொல்லவில்லை. பஸ்களைக் கிளப்பிவிடுகிற டைம் கீப்பர் கத்தினார் போல, கையை ஆட்டினார். போனோம்.

அண்ணன் சீட்டில் ஏறியதும் பென் டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாட்டு என்னாச்சு டிரைவரே, எழவு வீட்டுக்கா போறோம்?" என்று பின்சீட்டில் இருந்து சத்தம் வந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தரையில் இறங்கி நின்று, முன்படியில் இருந்து பின்படிவரை கண்ணால் பார்த்து, ஏறி, அதற்கப்புறம் விசில் கொடுத்தேன். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் எடுத்தார். பின்னால் வந்த பஸ்காரன் எங்களைத் தாண்டிப் போனான்.

அதற்கடுத்த நாள் ரெண்டு பேருக்கும் லீவு. அவரை என் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அதே பெண்தான். அதே கண்ணாடி அறை. ஹெட்போனை மாட்டி, பொத்தானைக் கொடுத்து, முதலில் வலது காது என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் திருகினார். உள்ளே பார்த்தார். இன்னும் கொஞ்சம் திருகினார். அண்ணன் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. முதுகை நேராக வைத்து, பரீட்சை எழுத உட்கார்ந்தவர்போல் காத்திருந்தார். அந்தப் பெண் குனிந்து எதையோ குறித்தார், மறுபடி திருகினார், மறுபடி குறித்தார்.

அண்ணன் கண்ணாடி வழியாக என்னைத் தேடினார். கண் பட்டதும், உதட்டை அசைத்துக் கேட்டார். வாய் பார்த்துப் புரிந்துகொள்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டதால் தெளிவாகத் தெரிந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

ஆரம்பித்து ரெண்டு நிமிசம் ஆகியிருந்தது.